இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது

காளவாசல் சிக்னலுக்கு மேலே இரண்டாம் மாடி.
கீழே டீக்கடை, பக்கத்தில் எலும்பு முறிவு டாக்டர்.
எங்கள் ஜன்னலில் பாதி ஏ.சி. பெட்டி,
மீதியில் தேனி பஸ்.

நாளைக்கு நூற்றிருபது பேரைக் கூப்பிட வேண்டும்,
எல்லாரும் தவணை தவறியவர்கள்.
முதல் வாரம் "ஐயா, அம்மா".
இரண்டாம் வாரம் "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"
மூன்றாம் வாரத்துக்கென்று
தனியாக ஒரு தாள்.
அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரும்,
எதிர்வீட்டுக்காரர் வருவார்,
மானம் என்ற சொல் நான்கு இடத்தில் வரும்.
ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

நான் நன்றாக வாசிப்பேன்.
ஞாயிறு காலை ஆராதனையில் வேதபாடம் என்னுடையது.
எங்கே நிறுத்த வேண்டும்,
எங்கே குரலைத் தாழ்த்தினால் சபை நிமிரும், தெரியும்.
"கெத்சியாள் வாசிச்சா
கடைசி பெஞ்சுல தூங்குறவனுக்கும் கேக்கும்" என்பார் ஐயர்.
கம்பெனிக்கும் அது தெரிந்திருக்கிறது.
எண் சுழன்றதும் முதலில் வரும் அறிவிப்பு,
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது,
அது நான் பேசிக் கொடுத்தது.

லெந்து நாட்களுக்குக் கறியை விட்டேன்.
சீரியலை விட்டேன்.
காபிக்குச் சர்க்கரையை விட்டேன்,
அதைப் புதன்கிழமைக் கூட்டத்தில்
சாட்சியாகவும் சொன்னேன்.

வியாழன், பதினொன்றே கால்.
உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு எண்.
ஒச்சம்மாள், கறவைமாட்டுக் கடன்,
மூன்றாம் வாரம்.

தாளை எடுத்தேன்.
நான்காவது மானம் வரைக்கும்
தடுமாறாமல் போய்ச் சேர்ந்தேன்.
அவள் குறுக்கே பேசவில்லை. அழவில்லை.
முடியட்டும் என்று இருந்துவிட்டுக் கேட்டாள்:

"நல்லா வாசிக்கிற தாயி.
இதெல்லாம் நீயா எழுதுனது?"

இல்லை என்றேன்.
இல்லைதான்.
எழுதியவர் சென்னையில் இருக்கிறார்,
அவரை நான் பார்த்ததில்லை.
ஆனாலும் அந்த இல்லை
நாக்கில் சில்லறைக்காசு மாதிரிக் கிடந்தது.

நான்கு வினாடிக்கு மேல் மௌனம் போனால்
திரையில் சிவப்பு எரியும்.
எரிந்தது.
என்னுடைய சொல் ஒன்று வேண்டும்,
வாய்க்குள் தேடுகிறேன்.
ஒரு பக்கம் கம்பெனி கொடுத்தவை.
மறுபக்கம் "கர்த்தர் பாத்துக்குவார்".
அதையும் எத்தனை துக்கவீட்டில்
தாளைப் பார்க்காமலே வாசித்திருக்கிறேன்.

கடைசியில் கேட்டது இவ்வளவுதான்:
"மாடு எப்போ செத்துச்சு?"

"மாசிப்பச்சைக்கு முந்துன ராத்திரி.
வயிறு உப்பிருச்சு.
கன்னுக்குட்டி இன்னும்
அந்தக் கயித்த மோந்துக்கிட்டு நிக்குது."

நான் எதுவும் சொல்லவில்லை.
அவள் கயிற்றின் நிறத்தைச் சொன்னாள்.
மருந்து வாங்கப் போன பஸ் பாதியில் நின்றதைச் சொன்னாள்.
கடன் ஒரு ரூபாய் குறையவில்லை.

சாயங்காலம் சுதர்சன் சார் பதிவைப் போட்டுக் கேட்டார்.
கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர்
தாள் வைத்திருக்கிறார்.
என் படிவத்தில் எழுதினார்:
"மாடு பற்றி விசாரித்தது. தேவையற்ற சொல்."
ஐந்து மதிப்பெண் போயிற்று.

வீண்சொல்லுக்குக் கணக்குக் கேட்கப்படும் என்று
சிறுவயதிலிருந்து தெரியும்.
எது வீண் என்பதில்
இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேலையை விட்டுவிடவில்லை.
தங்கைக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கிறது.
நேற்று மூன்று இடத்தில் மானத்தைத் தாண்டிப் போனேன்.
நான்காவது இடத்தில்
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது,
கீரைத்துறையில் யாரோ ஒருவரிடம்.

இன்று காலைக் காபிக்கு
ஒன்றரைக் கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன்.
ஆண்டவருக்குப் புரியும்.

ஹெட்செட்டை மாட்டுகிறேன்.
பேரையூர் எண், மணி போகிறது.
அந்தப் பக்கம் எடுப்பதற்குள்
என் குரல் முந்திக்கொண்டு
என்னிடமே சொல்கிறது.